மொட்டைமாடி எருமை

சௌந்தரபாண்டியன் இருபத்திரண்டு வருடம் ராணுவத்தில் சப்ளைப் பிரிவில் வேலை பார்த்தவர். பனிமலை மேலிருந்த முகாம்களுக்கு மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக அளந்து கொடுத்தே பாதி சர்வீஸ் கழிந்துபோனது. ஓய்வு பெற்று ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துக்கு வந்து சேர்ந்த பிறகும் அந்தப் புத்தி அவரை விடவில்லை. எங்கே எது எரிந்தாலும் அதில் கொஞ்சம் மிச்சம் பிடிக்க வழி உண்டா என்றுதான் முதலில் பார்ப்பார்.

அந்த மிச்சம் பிடிக்கிற வேலையில் அவர் மனைவி வெங்கடேஸ்வரி பட்டது கொஞ்சநஞ்சமல்ல. ராஜபாளையம் ரோட்டில் சரிவு கண்ட இடமெல்லாம் மனிதர் ஸ்கூட்டர் எஞ்சினை அணைத்துவிடுவார். பின்னால் வருகிற பஸ்காரன் ஹாரனை அழுத்திக்கொண்டே வர, இவள் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒரு தடவை சூரிய அடுப்பு என்று கண்ணாடி வைத்த பெட்டி ஒன்றை வாங்கிவந்தார். காலையில் வைத்த பருப்பு சாயங்காலக் காப்பி நேரத்துக்கு வெந்தது. அன்றைக்குச் சோற்றுக்கு ஊறுகாய்தான். அதற்குப் பிறகு அந்தப் பெட்டியில் அவள் வெங்காயம் போட்டு வைத்துக்கொண்டாள்.

வீட்டின் முன்னறையில்தான் அவளுடைய பலகாரக் கடை. காலையில் இட்லியும் பணியாரமும், சாயங்காலம் வடையும் பஜ்ஜியும். கடைச் சிலிண்டர் விலை ஏற ஏற அவள் பஜ்ஜியை நிறுத்தினாள், பிறகு பணியாரத்தைச் சின்னதாக்கினாள். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் பணியாரச் சட்டியில் மாவு ஊற்றிய கையோடு சிலிண்டர் தீர்ந்துபோனது. பாதி வெந்தும் வேகாமலும் கிடந்த மாவை அவள் பார்த்துக்கொண்டு நிற்க, வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராக அடுத்த தெருக் கடைக்கு நடந்தார்கள்.

சௌந்தரபாண்டியன் அதற்குத்தான் காத்திருந்தவர் மாதிரி செல்போனை எடுத்துவந்து அவள் முன்னால் நீட்டினார். கோயம்புத்தூரில் ஒரு கம்பெனிக்காரர்கள் மொட்டைமாடியில் வைக்கிற சாண எரிவாயுப் பை செய்கிறார்களாம். சாணத்தைக் கரைத்து ஒரு தடவை ஊற்றிவிட்டால் போதும், அப்புறம் தினமும் வீட்டுக் கழிவைப் போட்டுக்கொண்டே வரலாம், அடுப்பு எரிந்துகொண்டே இருக்கும் என்று அவர் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். வெங்கடேஸ்வரிக்கு அப்போது இருந்த கோபத்தில், என்னத்தையாவது செய்யுங்கள் என்று சொல்லிவிட்டாள். சொன்ன வாய்க்குப் பூட்டுப் போட்டிருக்கலாம் என்று அடுத்த வாரமே நினைத்தாள்.

பை வந்தது. லாரித் தார்ப்பாய் போல் கனத்த கறுப்புச் சீலை, இரண்டு பக்கமும் குழாய், கூடவே ஒற்றை அடுப்புகள் இரண்டு. தெருமுனைத் தொழுவத்திலிருந்து சாணத்தை வாளி வாளியாகக் கயிறு கட்டி மாடிக்கு இழுத்தார் சௌந்தரபாண்டியன். கரைத்து ஊற்றி முடித்ததும் சுவரில் கரித்துண்டால் பெரிய எழுத்தில் எழுதிவைத்தார்: 'ஒரு நாளைக்கு ஒரு வாளி. எலுமிச்சை, வெங்காயத் தோல், முட்டை ஓடு கூடாது.' அதற்குக் கீழே கையெழுத்தும் போட்டார்.

பத்து நாள் ஆனது. பன்னிரண்டு நாள் ஆனது. பை தட்டையாகவே கிடந்தது. பக்கத்து வீட்டு இருளம்மாள் தினமும் மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டே பேச ஆரம்பித்தாள். மாடியில் சாணியைக் கொட்டி வைத்துக்கொண்டு பலகாரம் விற்றால் எவன் வாங்கித் தின்பான் என்று அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. வெங்கடேஸ்வரி புருசனைப் பார்க்கும்போதெல்லாம் பாத்திரங்களை ஓசையோடு வைத்தாள்.

பதினெட்டாம் நாள் காலையில் வடகம் காயப்போட மாடிக்குப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். பை ஒரு பக்கமாக மெல்ல எழுந்திருந்தது. முதுகு மட்டும் தெரிய எருமை ஒன்று குளத்தில் படுத்துக் கிடப்பது போலிருந்தது. கிட்டே போய் உள்ளங்கையை வைத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. அமுக்கினால் அமுங்கியது, கையை எடுத்தால் திரும்ப எழுந்தது. இன்னொரு தடவை அமுக்கினாள். பிறகு இரண்டு கையாலும் அமுக்கினாள். நாற்பது வயதுப் பொம்பிளை இப்படி ஒரு பையை அமுக்கி அமுக்கிச் சிரித்துக்கொண்டிருப்பதை யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்துக்கொண்டாள்.

கீழே இறங்கி வந்தவள் புருசனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இத்தனை நாள் முறைத்துவிட்டு ஒரே நாளில் பல்லைக் காட்டுவதா என்று ஒரு வீம்பு. ஆனால் அன்றைக்கு ஐந்து தடவை மாடிக்குப் போனாள். வடகத்தைத் திருப்பிப் போடவேண்டும் என்றாள், காக்கா வருகிறது என்றாள், கொடியில் துணி கிடக்கிறது என்றாள். கடைசியாகப் போனபோது, தொழுவத்துக்குப் போய்விட்டதாக அவள் நினைத்திருந்த சௌந்தரபாண்டியன் பைக்கு அந்தப் பக்கம் குனிந்து, அதே போல் இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டிருந்தார். அவரும் காலையிலேயே பார்த்துவிட்டாராம். நீ திட்டுவாயே என்று சொல்லவில்லை என்றார்.

மறுநாள் பற்றவைத்தார்கள். முதலில் வருவது சரியாக எரியாது, கொஞ்சம் வெளியே விடவேண்டும் என்று கம்பெனிக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். ஆறு குச்சி வீணானது. ஏழாவது குச்சிக்கு அடுப்பு புஸ்ஸென்று ஒரு பெருமூச்சு விட்டு, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் நீலமாய் ஒரு வட்டம் பிடித்தது. எரிகிறதா என்று சந்தேகப்பட்டுக் கையைக் கொண்டுபோன சௌந்தரபாண்டியன் சட்டென்று இழுத்துக்கொண்டார். வெங்கடேஸ்வரிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அடுப்படித் தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அன்றைக்குப் போட்ட டீயில் சர்க்கரையை இரண்டு தடவை போட்டுவிட்டாள். இருவரும் அதைப் பாயசம் மாதிரி குடித்தார்கள்.

அதற்குப் பிறகு அவள் ஆளே மாறிப்போனாள். தெருவில் யார் வீட்டில் சோறு மீந்தாலும், வாழைத்தோல் விழுந்தாலும் அவளுக்கு மூக்கில் வேர்த்துவிடும். பெண்கள் எல்லாரும் அரிசி கழுவிய தண்ணீரோடு வந்து, எருமைக்குத் தண்ணி காட்டியாச்சா என்று கேட்கிற அளவுக்குப் போனது. பஜ்ஜி மறுபடியும் கடைக்கு வந்தது. சௌந்தரபாண்டியன் ராஜபாளையத்தில் அய்யூப் பாயின் பழ மண்டியிலிருந்து அழுகல் பழத்தைச் சும்மா வாங்கிவந்தார். போக வர இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர். இங்கே கேஸ் மிச்சம் பிடிப்பதற்கு அங்கே பெட்ரோலை எரித்தால் எப்படி என்று வெங்கடேஸ்வரி ஒரு நாள் கேட்டபோது, அவர் ஸ்கூட்டர் சாவியைத் திரும்ப ஆணியில் மாட்டினார். இத்தனை வருடத்தில் எரிபொருள் விஷயத்தில் அவரை அவள் மடக்கியது அதுதான் முதல் தடவை. அதற்குள் அய்யூப் பாயே வழி சொன்னார். அவருடைய லோடு வேன் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடைகளுக்குத் தினமும் வருவதுதான், வருகிற வழியில் ஒரு கூடையை இறக்கிவிட்டுப் போகச் சொல்கிறேன் என்றார்.

வைகாசியில் ஒரு வெள்ளிக்கிழமை ராஜபாளையம் பக்கம் காற்றும் மழையுமாக அடித்துத் தள்ளியது. சனிக்கிழமை வந்த வேனிலிருந்து எட்டுக் கூடை இறங்கியது. அத்தனையும் அடிபட்டுக் கனிந்த சப்பட்டை ரக மாம்பழம். சௌந்தரபாண்டியன் பென்சன் விஷயமாக விருதுநகர் போயிருந்தார். வெங்கடேஸ்வரி சுவரில் எழுதியிருந்ததைப் படித்தாள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, பஜ்ஜிக்குக் கூட்டம் வரும். ஒரு வாளிக்கு இவ்வளவு எரிந்தால் ஆறு வாளிக்கு எவ்வளவு எரியும் என்று அவள் மனசு கணக்குப் போட்டது. மளமளவென்று ஆறு வாளி பிசைந்து ஊற்றிவிட்டு, ஒன்றும் தெரியாதவள் போலக் கீழே வந்துவிட்டாள்.

ஞாயிறு காலையில் மாடிக்குப் போனால், படுத்திருந்த எருமை எழுந்து நிற்கிற மாதிரி இருந்தது பை. சுருக்கம் ஒன்றுகூட இல்லை. விரலால் தட்டினால் தவில் போல் கும்மென்றது. பையோடு இணைத்திருந்த, தண்ணீர் நிரப்பிய குழாய் கொளக் கொளக் என்று குமிழி விட்டது. ஒவ்வொரு குமிழிக்கும் அழுகின முட்டை வாடை ஒரு அலை கிளம்பித் தெருவுக்குள் இறங்கியது.

எட்டு மணிக்கு இருளம்மாள் வந்துவிட்டாள். இந்தத் தடவை அவள் முகத்தில் கோபம் இல்லை, அழுகைதான் இருந்தது. அவள் மகள் மாரிக்கனி ராஜபாளையத்தில் மில் ஆபீசில் வேலை பார்ப்பவள். அவளைப் பெண் பார்க்க அன்று சாயங்காலம் நாலு மணிக்கு வ.புதுப்பட்டியிலிருந்து வருகிறார்கள்.

"ஏட்டி வெங்கடேசு, அவிய வேனை விட்டு இறங்கினதும் இந்த வாடை அடிச்சா என்னட்டி நினைப்பாக? வீட்டுப் படி ஏறுவாகளா?"

"நான் பாத்துக்கிடுதேன் மதினி. நாலு மணிக்குள்ள வாடை இருக்காது," என்றாள் வெங்கடேஸ்வரி. எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

கோயம்புத்தூர்க் கம்பெனியில் இந்த மாதிரிச் சந்தேகங்களுக்குப் பதில் சொல்ல அனுசியா என்று ஒரு பெண் இருந்தாள். முந்தின இரவே ஊர் திரும்பியிருந்த சௌந்தரபாண்டியன் மாடியில் நின்றே அவளுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார். அனுசியா பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நேத்து எத்தனை வாளிங்க அக்கா போட்டீங்க?" என்றாள்.

வெங்கடேஸ்வரி தரையைப் பார்த்துக்கொண்டு, ஆறு என்றாள். சௌந்தரபாண்டியன் சுவரைப் பார்த்தார், அதிலிருந்த தன் கையெழுத்தைப் பார்த்தார், பிறகு மனைவியைப் பார்த்தார்.

பயப்படுகிற மாதிரி ஒன்றும் இல்லை, வெடிக்காது, அதற்காகத்தான் தண்ணீர்க் குழாய் வைத்திருக்கிறது என்று அனுசியா சொன்னாள். மிஞ்சியது அது வழியாக வெளியே வரும், வந்தால் நாறத்தான் செய்யும். நாறக்கூடாது என்றால் ஒரே வழிதான்: உள்ளே ஒன்றும் போடாமல், இரண்டு அடுப்பையும் சாயங்காலம் வரைக்கும் அணைக்காமல் எரியவிடவேண்டும்.

சும்மா எரியவிடுவதா என்று புருசனும் பெண்டாட்டியும் ஒரே நேரத்தில் கேட்டார்கள். வெற்று அடுப்பு எரிவதைப் பார்க்கிற மனசு அந்த வீட்டில் யாருக்கும் இல்லை.

முதலில் பணியாரம் ஊற்றினாள். பிறகு பஜ்ஜி, வடை, சுண்டல். பத்தரை மணிக்கு வீட்டிலிருந்த மாவும் எண்ணெயும் தீர்ந்துபோயின. பை இன்னும் கும்மென்றுதான் இருந்தது. வெங்கடேஸ்வரி வாசலுக்கு வந்து, யார் வீட்டில் என்ன வேகவைக்க வேண்டியிருந்தாலும் கொண்டுவரலாம், கேஸ் சும்மா கிடக்கிறது என்று சொன்னாள். சும்மா என்று ஒருத்தர் கேஸைப் பற்றிச் சொல்லி அந்தத் தெரு கேட்டதே இல்லை. ஐந்து நிமிடத்தில் நிலக்கடலை வந்தது, சர்க்கரைவள்ளிக் கிழங்கு வந்தது, குழம்புக் குண்டான்கள் வந்தன. பிள்ளை பெற்ற வீட்டிலிருந்து குளிக்க வெந்நீர் போடப் பெரிய அண்டா வந்தது. சௌந்தரபாண்டியன் பட்டாளத்துக் குரலை எடுத்து எல்லாரையும் வரிசையில் நிறுத்தினார். காகிதத்தில் நம்பர் எழுதிக் கொடுத்து, அண்டா பெரிது என்பதால் அதற்கு மட்டும் இரண்டு நம்பர் வைத்தார்.

வெந்ததை எடுத்துக்கொண்டு யாரும் வீட்டுக்குப் போகவில்லை. தெருவிலேயே நின்று ஒருத்தர் குண்டானிலிருந்து இன்னொருத்தர் எடுத்துத் தின்றார்கள். வெங்கடேஸ்வரிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. சிலிண்டரைத் தூக்கித் தூக்கி எடை பார்த்து அடுப்பைக் குறைத்துக் குறைத்து வைத்தே பழகிய கை, இன்றைக்கு அடுப்புக் குமிழைக் கடைசி வரைக்கும் திருப்பி வைத்திருந்தது. அந்தத் தீயைப் பார்க்கப் பார்க்க அவளுக்குத் தலை கிறுகிறுத்தது. இன்னும் யார், இன்னும் யார் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

மத்தியானம் இருளம்மாளும் இறங்கிவிட்டாள். மாப்பிள்ளை வீட்டாருக்குக் கடையில் பால்கோவா வாங்கி வைக்க நினைத்திருந்தவள், பத்து லிட்டர் பாலும் சர்க்கரையும் கொண்டுவந்தாள். இரண்டாவது அடுப்பை வாசலுக்குக் கொண்டுவந்து பெரிய இருப்புச் சட்டியை ஏற்றினார்கள். பாலைக் கிண்டுகிற வேலை மாரிக்கனிக்கு வந்தது. நாலு மணிக்குத்தானே வருகிறார்கள், மூன்றரைக்குப் போய்க் குளித்துச் சேலை மாற்றிக்கொண்டால் போதும் என்று, அவள் பழைய சுடிதாரில் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு கரண்டியைப் பிடித்தாள்.

மணி மூன்று இருக்கும். தெருமுனையில் ஒரு வேன் வந்து நின்றதை யாரும் கவனிக்கவில்லை. ரோட்டில் கூட்டம் இல்லாததால் புதுப்பட்டிக்காரர்கள் ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்துவிட்டார்கள். ஏலக்காயும் காய்ச்சிய பாலும் மணக்க, தெரு முழுக்க ஜனம் நின்று தின்றுகொண்டிருப்பதைப் பார்த்து, இங்கே ஏதோ விசேஷம் என்று நினைத்துக்கொண்டு பெரியவர்கள் வேன் பக்கமே நின்றார்கள். விலாசம் விசாரிக்க முன்னால் வந்தது மாப்பிள்ளைதான். ஜெயபாண்டி என்று பெயர், போலீஸ்காரர், ஆனால் அன்றைக்கு வேட்டி சட்டையில் இருந்தார். போட்டோவில் தொப்பியும் மீசையுமாகப் பார்த்திருந்த மாரிக்கனிக்கு ஆளை அடையாளம் தெரியவில்லை. வரிசையில் நிற்க வந்த ஆள் என்று நினைத்துவிட்டாள்.

"அண்ணே, கை விட்டுப்போச்சு. செத்த நேரம் இதைக் கிண்டுங்க, நான் தண்ணி குடிச்சிட்டு வாரேன். விட்டா அடிப்பிடிச்சிரும்," என்று கரண்டியை அவர் கையில் கொடுத்தாள்.

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிண்ட ஆரம்பித்தார். வெங்கடேஸ்வரிக்கு ஆளைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. போட்டோவை இருளம்மாள் அவளிடம் நாலு தடவை காட்டியிருக்கிறாள். சொல்ல வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. கையிலிருந்த இடுக்கியைக் கீழே போட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். மாரிக்கனி திரும்பி வந்து, அப்படி இல்லை, அடிவரைக்கும் கரண்டி போகவேண்டும் என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தாள். எந்தத் தெரு என்று விசாரித்தாள். புதுப்பட்டி என்றார் அவர். பெண் பார்க்க வந்தோம் என்றார்.

மாரிக்கனி இடுப்பிலிருந்த துப்பட்டாவை உருவினாள். வியர்வை வழிகிற முகத்தை அதால் மூடிக்கொண்டு வீட்டுக்குள் ஓடியவள், பாதி வழியில் நின்று திரும்பி, "கிண்டுறதை நிறுத்திராதீங்க," என்று சொல்லிவிட்டு ஓடினாள். அவர் நிறுத்தவில்லை. சிரித்துக்கொண்டே கால் மணி நேரம் கிண்டினார். விஷயம் தெரிந்து இருளம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டு வந்தபோது பால்கோவா பதத்துக்கு வந்திருந்தது.

மாப்பிள்ளையின் அப்பா கண்ணுச்சாமி தென்னந்தோப்பும் ஏழெட்டு மாடும் வைத்திருக்கிற சம்சாரி. காப்பி டம்ளரைக் கையில் வாங்கியதுமே இந்த அடுப்புக்கு எங்கிருந்து கேஸ் வருகிறது என்று கேட்டார். சௌந்தரபாண்டியன் அவரை மாடிக்குக் கூட்டிப்போனார். போனவர் இறங்கவில்லை. கீழே பெண் சேலை மாற்றி, பூ வைத்து, தட்டோடு வந்து நின்று, எல்லாரும் பார்த்தும் முடித்துவிட்டார்கள். கண்ணுச்சாமி மட்டும் பையைச் சுற்றிச் சுற்றி வந்து, குழாயைத் தடவிப் பார்த்து, தன் தொழுவத்தில் எம்புட்டுச் சாணி வீணாகப் போகிறது என்று கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆள் அனுப்பித்தான் இறக்கவேண்டியிருந்தது. வந்து உட்கார்ந்ததும் மகன் முகத்தை ஒரு பார்வை பார்த்தார். அங்கே கேட்க ஒன்றும் இல்லை.

"எங்களுக்குப் பொண்ணைப் பிடிச்சிருக்கு," என்றார். பிறகு சௌந்தரபாண்டியன் பக்கம் திரும்பி, "அந்தக் கம்பெனி நம்பரையும் குடுங்க," என்றார்.

ஐந்தரை மணிக்குப் பை தொய்ந்துபோனது. ஆறு மணிக்கு அடுப்பு இரண்டு தரம் சிமிட்டிவிட்டு அணைந்தது. தெருவில் அன்றைக்கு இரவு யாரும் உலை வைக்கவில்லை. எல்லாருக்கும் வயிறு நிறைந்திருந்தது.

ஆனால் ஆறு வாளி மாம்பழத்துக்கு உண்டான தண்டனை அதற்கப்புறம்தான் கிடைத்தது. பைக்குள் புளிப்பேறி, பத்து நாளைக்கு மேல் ஒரு பொட்டு கேஸ் வரவில்லை. கடைக்குத் திரும்பவும் சிலிண்டர்தான் எரிந்தது. அனுசியா சொன்னபடி வெங்கடேஸ்வரியே சாணத்தைக் கரைத்து, புளிப்பை முறிக்கச் சுண்ணாம்புத் தெளிநீர் கொஞ்சம் சேர்த்து, அளவாக ஊற்றிவந்தாள். சௌந்தரபாண்டியன் அதைப் பற்றி ஒரு சொல் குத்திக் காட்டவில்லை. ஆனால் சுவரில் 'ஒரு வாளி' என்பதன் அடியில் இன்னொரு கோடு போட்டிருந்தார். ஆனி பாதியில் நீலத் தீ திரும்பி வந்தது. முன்பு ஒன்பது நாளில் தீர்ந்துகொண்டிருந்த சிலிண்டர் இப்போதெல்லாம் இருபத்தைந்து நாள் வருகிறது. பணியாரம் பழைய அளவுக்குப் பெரிதாகிவிட்டது.

மாரிக்கனிக்கு ஆவணியில் கல்யாணம். அதற்கு முன்னாலேயே கண்ணுச்சாமி வீட்டுத் தொழுவத்துப் பக்கம் பை வந்து இறங்கிவிட்டது, இவர்களுடையதைவிட மூன்று மடங்கு பெரிது. அவருக்குச் சந்தேகம் வந்தால் கம்பெனிக்கும் போன் போடுவதில்லை, சௌந்தரபாண்டியனுக்கும் போடுவதில்லை. நேரே வெங்கடேஸ்வரிக்குத்தான். அதுவும் சரியாகக் கடையில் கூட்டம் அலைமோதுகிற காலை எட்டு மணிக்கு. தென்னை மட்டை போடலாமா என்பார். வாழைத்தண்டு போடலாமா, பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு போடலாமா என்பார். அவள் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, ஒரு கையால் பணியாரத்தைத் திருப்பிக்கொண்டே எல்லாவற்றுக்கும் பதில் சொல்வாள். இலையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறவர்களும் அவசரப்படுத்துவதில்லை. புதுப்பட்டி எருமை இன்றைக்கு என்ன தின்றது என்று தெரிந்துகொள்ள அவர்களுக்கும் ஆசையாக இருந்தது.